சாயத்தண்ணீரும் குளிர்ந்த மின்னலும்

எங்கள் அதியன்னூர்ப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். திருப்பூருக்குப் பிழைக்கப் போன எங்கள் அத்தான், போன அன்றே "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டு, பட்டறையில் எல்லாரும் சிரித்தார்களாம். அவர் வேலை பார்த்தது ஒரு சாயப்பட்டறையில். 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அத்தான் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

குளிர் பிளாஸ்மா என்று ஒன்று வந்திருக்கிறது, மின்சாரத்தால் சாயக்கழிவின் நிறத்தை எடுத்துவிடும் என்று அண்மையில் அவரிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி இது: "மாப்ளே, அது அப்பவே இருந்திருந்தா எங்க பட்டறைய மூடியிருக்க மாட்டாங்க, இல்லையா?" அதற்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை.

எங்களுக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. பக்கத்து ஊரான பாலராமபுரத்துக்கு, பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். அங்கே குழித்தறியில் நெய்யும் முண்டும் நேரியதும் பெரும்பாலும் நூலின் இயற்கை நிறத்திலேயே இருக்கும், ஓரத்தில் கசவு. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். மிஞ்சும் கஞ்சித் தண்ணீரால் யாருக்கும் பெரிய கேடில்லை. பனியனுக்கு அப்படி நடக்காது. அதற்குச் சிவப்பும் நீலமும் கறுப்பும் வேண்டும்.

பருத்தி லேசில் சாயம் ஏற்காது. அதனால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுவார்கள். நிறத்தின் ஆழத்துக்கேற்ப லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரைகூட ஆகும். சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஒட்டாமல் தண்ணீரோடு போகும்; உப்போ ஏறக்குறைய முழுவதும் போகும். இதெல்லாம் நொய்யலில் கலந்து, 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்கு அல்ல, தெரியாத உப்புக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி பிளாஸ்மா. வாயுவில் மின்சாரம் பாய்ந்து, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் நிலைக்கு 1928-ல் லாங்மியூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வைத்த பெயர் அது. மின்னலும் பிளாஸ்மாதான், ஆனால் சுட்டெரிக்கும். நம் வீட்டு டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதில் எலக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரிக்கும் மேல், ஆனாலும் குழாயைக் கையால் தொடலாம். எலக்ட்ரான் எடையில் மிக அற்பம். அதன் சூடு கனமான வாயு அணுக்களுக்கு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. இதுதான் குளிர் பிளாஸ்மா. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற மின்கடத்தாப் பொருளை வைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் மாறுமின்சாரம் கொடுத்தால் ஊதா நிறத்தில் மெல்லிய பொறிகள் ஓடும். 1857-லேயே ஜெர்மனியின் சீமென்ஸ் இப்படித்தான் ஓசோன் தயாரித்தார். பிரான்சின் நீஸ் நகரம் 1906-ல் குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்கத் தொடங்கியது. ஆகவே வேர் பழையதுதான்.

புதியது என்னவென்றால், ஓசோனைத் தனியே செய்து குழாயில் கொண்டுவராமல், தண்ணீரின் மேலேயே, சில சமயம் தண்ணீருக்குள் விடும் குமிழியிலேயே, பொறியை உண்டாக்குவது. அப்போது நீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. ஆக்சிஜனேற்றும் வலிமையில் ஓசோனுக்கு 2.07 வோல்ட் என்றால் இதற்கு 2.8. ஆயுளோ கண்ணிமைப்பில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் வேண்டிய இடத்திலேயே பிறக்க வைக்கிறார்கள். அசோ வகைச் சாயங்களில் நிறத்துக்குக் காரணமான, இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பை அது உடைத்துவிடும். உடைந்தால் நிறம் போச்சு. ஐஐடி ஹைதராபாத்தில் மெத்திலீன் புளூ போன்ற சாயங்களை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நிறம் போனதும் கைதட்டக் கூடாது. உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கலாம். அவற்றில் சில, மூலச் சாயத்தைவிட மோசமானவை. கரிமக் கார்பன் மொத்தமும் எவ்வளவு குறைந்தது என்று அளந்தால்தான் உண்மை தெரியும். காற்றில் பிளாஸ்மா உண்டாக்கினால் நைட்ரிக் அமிலம் சேர்ந்து தண்ணீர் புளித்தும் போகும்.

அத்தானின் கேள்விக்கு வருகிறேன். பதில், இல்லை. சோடியமும் குளோரைடும் உடைத்து அழிக்கக்கூடிய சரக்கு அல்ல. போதாக்குறைக்கு, குளோரைடு நம் ஹைட்ராக்சிலை இடையில் பிடித்துத் தின்றுவிடும். உப்புநீரில் மின்சாரம் சுலபமாக ஓடுவதால், தண்ணீருக்குள்ளே பொறி கிளப்புவதும் கடினம். திருப்பூர் மீண்டும் எழுந்தது வேறு வழியில்: சவ்வூடு வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்து, சொட்டுக்கூட வெளியே விடாத முறையில். செலவு அதிகம். திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கும் தலைவலி வேறு. பிளாஸ்மாவுக்கு இங்கே கிடைக்கக்கூடிய இடம், சவ்வை அடைக்கும் நிறத்தையும் கரிமப் பொருளையும் முன்கூட்டியே குறைத்துக் கொடுக்கும் துணைவேலை.

அதன் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தீயணைக்கும் நுரையில் கலந்த பிஎஃப்ஏஎஸ் என்னும் ஃபுளோரின் சேர்மங்களைக் கிருமியும் தின்னாது, ஹைட்ராக்சிலும் எளிதில் அசைக்காது. சோப்பைப் போல அவை குமிழியின் மேற்பரப்பில் போய் ஒட்டும். ஆர்கான் வாயுக் குமிழியில் பிளாஸ்மா உண்டாக்கி, அங்கேயே எலக்ட்ரான்களால் தாக்கி உடைக்கும் கருவியை அமெரிக்காவின் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தார் 2019-ல் ஒரு விமானப்படைத் தளத்தில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் மிஞ்சும் மருந்துகளுக்கும் இது ஏற்ற வழி. கொஞ்சம் தண்ணீர், கொடிய நஞ்சு என்றால் மின்சாரச் செலவு கட்டுபடியாகும்.

இவ்வளவையும் அத்தானிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆவும்?" என்றார். பட்டறைக்காரர் கேள்வி. சாயத்துக்குச் சாயம், கருவிக்குக் கருவி கணக்கு பல மடங்கு மாறுகிறது. நாலைந்து ஆய்வுகளின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.