பட்டதாரி முயற்சியாளருக்கு வேண்டியது கடனா, வழிகாட்டியா?

அரச நியமனம் கோரிப் பட்டதாரிகள் வீதியோரத்தில் கொட்டகை அமைத்து அமர்ந்திருக்கும் காட்சி வடக்கு, கிழக்கு மக்களுக்குப் புதிதன்று. 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய நகரங்களில் இப்போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. 2020 இல் சுமார் 50,000 பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாக உள்வாங்கியது. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அத்தகைய மொத்த நியமனங்களைத் திறைசேரி எளிதில் தாங்கப் போவதில்லை. எனவேதான் சொந்தமாகத் தொழில் தொடங்குங்கள் என்ற அறிவுரை பல்கலைக்கழக மாணவர்களுக்கு முன்னெப்போதையும்விடத் தாராளமாக வழங்கப்படுகின்றது. அறிவுரையில் பிழையில்லை. அதனை எவரிடம் கற்றுக்கொள்வது என்பதைத்தான் எவரும் கூறுவதில்லை.

முயற்சியாண்மை எமது பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமாக உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவ, வணிக பீடங்கள் இயங்குகின்றன. ஐந்தொகை தயாரிக்கவும் காசுப் பாய்ச்சற் கூற்று எழுதவும் மாணவர் கற்றே வெளியேறுகின்றனர். ஆயினும், பரீட்சைத் தாளில் எழுதிய காசுப் பாய்ச்சல் கடை வாசலில் எவ்வாறு தோற்றமளிக்கும் என்பதை விரிவுரை மண்டபம் காட்டுவதில்லை.

ஓர் உதாரணத்தைக் கருத்திற் கொள்வோம். இறுதியாண்டு மாணவர் ஒருவர் பனங்கட்டியை அழகாகப் பொதியிட்டு கொழும்புக் கடைகளுக்கு அனுப்ப முற்படுகிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு பொதிக்கு அடக்கச் செலவு 200 ரூபா. விற்பனை விலை 250 ரூபா. முதல் மாதம் 1,000 பொதிகள் அனுப்புகிறார். இலாபம் 50,000 ரூபா என்று கணக்குச் சொல்கிறது. கடைக்காரரோ 45 நாட்களின் பின்னரே பணம் தருவார். இதற்கிடையில் பொருள் நன்றாக விற்பனையாகி, 30 ஆவது நாளில் 2,000 பொதிகளுக்குக் கட்டளை வந்துவிடுகிறது. மாணவர் மகிழ்ச்சியடைகிறார். ஆனால் முதற்கட்டத்துக்கு 2 இலட்சம், இரண்டாங்கட்டத்துக்கு 4 இலட்சம் என 6 இலட்சம் ரூபாவை அவர் செலவிட்டு முடித்த பின்னரே முதலாவது 250,000 ரூபா கைக்கு வந்து சேரும். வியாபாரம் வளர்ந்த காரணத்தினாலேயே அவர் கையில் பணமில்லாது போகிறது! இலாபத்தில் இயங்கும் சிறுதொழில்கள் பல மூடப்படுவது இவ்விதமாகவே.

இதனை முன்கூட்டியே உணர்ந்து, "இரண்டாவது கட்டளையில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள், மீதிக்கு முற்பணம் கேள்" என்று சொல்லக்கூடியவரே வழிகாட்டி. அவர் தொழிலில் நட்டப்பட்டு மீண்டவராக இருப்பது நல்லது. மாதத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, வேண்டியவிடத்து மறுத்துப் பேச வேண்டும். புள்ளியிடும் விரிவுரையாளர் இப்பணிக்குப் பொருத்தமானவரல்லர். புள்ளி குறையுமென்று மாணவர் தமது குழப்பங்களை அவரிடம் மறைப்பார். கடன் தருபவரும் பொருத்தமானவரல்லர். உறவினரோ, பெரும்பாலும், "பேசாமல் உத்தியோகம் தேடு" என்றுதான் சொல்வார். அரச உத்தியோகமே மாப்பிள்ளைக்குரிய முதற் தகைமையாகக் கருதப்படும் சமூகத்தில் அவரையும் குறை கூறுவதற்கில்லை.

வழிகாட்டல் என்பது எமக்கு அந்நியமான சரக்கு என்று எண்ண வேண்டாம். புறக்கோட்டையின் மொத்த வியாபார நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்த யாழ்ப்பாணத்து இளைஞரும் கிழக்கிலிருந்து சென்ற முஸ்லிம் இளைஞரும் முதலில் கடை கூட்டினர். பின்னர் நிறுத்தனர், கணக்கு எழுதினர், கொள்வனவுக்குச் சென்றனர். எவருக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கொடுக்கலாகாது என்பதை முதலாளியின் முகக்குறிப்பிலிருந்தே கற்றனர். ஆண்டுகள் சில கடந்தபின் முதலாளியின் நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டு தனிக்கடை திறந்தவர்கள் பலர். அம்முறையில் சுரண்டலும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. எனினும் வியாபாரத்தின் நுணுக்கங்கள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறின. பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை கடைப்படி ஏறலாகாது என்று பெற்றோர் எண்ணத் தொடங்கியதுடன் அவ்வழி பட்டதாரிகளுக்கு அடைபட்டது.

அதனை மீளத் திறக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரீ. ஹப் அமைப்பு 2012 இலிருந்து நடத்திவரும் யாழ் கீக் செலஞ்ச் போட்டியில், இளைஞர் குழுக்கள் தமது எண்ணங்களைத் துறைசார்ந்தோர் முன் வைத்து, அவர்களது ஆலோசனையுடன் திருத்தி, அடுத்த சுற்றுக்குச் செல்கின்றன. பரிசைவிட அவ்விடைப்பட்ட காலமே பெறுமதியானது. ஆயினும் இது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பம் சார்ந்தது. கலைப்பீட மாணவருக்கும், கிளிநொச்சியில் விவசாயம் பயிலும் மாணவருக்கும், மீனையோ பாலையோ பதப்படுத்திச் சந்தைப்படுத்த விரும்புபவருக்கும் இத்தகைய களம் போதியளவில் இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் எதிர்பார்ப்புகள், பொதியின் மேல் எவ்விபரங்கள் இருக்க வேண்டும் என்பன போன்ற சிறிய விடயங்களிலேயே அவர்களில் பலர் சோர்ந்து விடுகின்றனர்.

கடன் கொடுத்தால் போதுமென்ற எண்ணமும் ஆராயப்பட வேண்டியது. 2018 இல் தொடங்கப்பட்ட என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா திட்டம் முயற்சியாளர்களுக்கு வட்டிச் சலுகைக் கடன்களை அறிவித்தது. அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் செலுத்த முடியாதிருந்த, 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவும் அரசாங்கம் தீர்மானிக்க நேர்ந்தது. கடனைத் தேடி வீடுவரை வந்தவர்கள் பலர். அதனை என்ன செய்வது என்று சொல்ல வந்தவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். நாட்டின் பல்கலைக்கழக அனுமதி பெறுவோரில் பெரும்பான்மையினர் மாணவிகள். அறிமுகமற்ற வர்த்தகர் ஒருவரது அலுவலகத்துக்கு மாலை வேளையில் தனித்துச் சென்று ஆலோசனை கேட்குமாறு ஒரு தமிழ் அல்லது முஸ்லிம் மாணவியிடம் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. சந்திப்புகள் பல்கலைக்கழக வளாகத்தில், பகல் வேளையில், குழுவாக நடைபெற வேண்டும். தையலகம், உணவு உற்பத்தி, அழகுக்கலை ஆகிய துறைகளில் ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கும் எமது பெண்களை வழிகாட்டிகளாக அழைக்க வேண்டும். அவர்களுள் பலருக்குப் பட்டம் இல்லை என்பதற்காகப் பீடங்கள் தயங்குமாயின், அத்தயக்கத்தின் நட்டம் மாணவிகளுக்கே.