சாதி நாயும் நாட்டு நாயும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் சொந்த ஊர் சென்றிருந்த நாம், இராஜபாளையத்துக்கு அருகே ஒருவரிடம் நாய்க்குட்டி ஒன்றை விலைக்கு வாங்கினோம். ஹூப்ளியிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெருமை சொல்ல ஒன்று வேண்டும் என்பது நம் எண்ணம். உடலில் ஒரு புள்ளியும் இல்லாத வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. விற்றவர், "தகப்பனையும் மகளையுமே இணை சேர்த்து எடுத்த குட்டி ஐயா! வேறு இரத்தம் ஒரு துளி கலக்கவில்லை" என்றார். அச்சொல்லை அன்று நற்சான்றாகவே கொண்டோம்.

முறைப்படி கட்டணம் செலுத்தி, கார்டு பெட்டியிலுள்ள நாய்க் கூண்டில் குட்டியை ஏற்றினோம். வழியில் ஒரு நிலையத்தில் பக்கத்து இருப்புப்பாதையில் நின்ற இஞ்சின் காது செவிடுபட ஊதிற்று. ஓடிச் சென்று பார்த்தோம். குட்டி அசையாது உறங்கிக் கொண்டிருந்தது. "என்ன நெஞ்சுரம்!" என்று மகிழ்ந்தோம்.

வீடு சேர்ந்த பத்தாம் நாள், சமையலறையில் அதன் முதுகுக்குப் பின்னே ஒரு பெரிய தாம்பாளம் விழுந்தது. பிள்ளைகள் துள்ளினர், குட்டி துள்ளவில்லை. "கேட்டீர்களா? இதற்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறதே!" என்றார் நம் மனைவி. கால்நடை மருத்துவர் சோதித்துப் பார்த்து, இரு செவியும் பிறவியிலேயே பயனற்றவை என்று கூறினார். பின்பு அவர், "இதன் தாய் தந்தையர் எவர் என்று அறிவீரா?" என்று வினவினார். விற்றவர் பெருமையாகச் சொன்னதை நாம் தலைகுனிந்து சொல்ல நேர்ந்தது.

அன்று தொட்டு இப்பொருள் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாயின் பூர்வீகம்

உலகிலுள்ள நாய்கள் யாவும் சாம்பல் நிற ஓநாயின் வழிவந்தவை. உழவு தோன்றுவதற்கு முன்பே, ஆடும் மாடும் மனிதனை அடைவதற்கு முன்பே, நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில் பான் நகருக்கருகே 1914ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட புதைகுழியொன்றில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாயுடன் புதைக்கப்பட்டிருந்தனர். அக்குழியின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டு. நம் நாட்டிலும் காஷ்மீரத்துப் பூர்சஹோமில், புதிய கற்கால மக்கள் தம் இறந்தோருடன் நாய்களையும் புதைத்துள்ளனர்.

எலும்பு சொல்லாதவற்றை இக்காலத்தில் மரபணு சொல்கிறது. 27 பண்டைய நாய்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்கள், 11,000 ஆண்டுகளுக்கு முன்பே நாய்க்குலம் ஐந்து கிளைகளாகப் பிரிந்துவிட்டது என்று கண்டனர். 2022இல் 72 பண்டைய ஓநாய்களை ஆராய்ந்தபோது, ஆசியாவின் கிழக்குப் பகுதி ஓநாய்களுக்கே நாய்கள் நெருங்கிய உறவு என்பது தெரிந்தது. எனினும் நேர் மூதாதையாகிய ஓநாய்க் கூட்டம் அவற்றுள் அகப்படவில்லை.

எது தூயது?

தெரு நாய் என்பது பல சாதிகள் கலந்து கெட்டுப்போன பிறவி என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. 38 நாடுகளிலிருந்து 549 ஊர் நாய்களை ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்று 2015இல் தன் முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலும் தென் பசிபிக் தீவுகளிலும் உள்ள ஊர் நாய்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நாய்களின் சந்ததி. இந்தியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளின் ஊர் நாய்களிலோ ஐரோப்பியக் கலப்பு மிகச் சொற்பமே. நம் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் சுருண்டு கிடக்கும் செம்பழுப்பு நாய் பழங்குடி; பங்களாவில் வளரும் அயல்நாட்டுச் சாதி நாயே புதுவரவு. இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது 1873ஆம் ஆண்டில்தான். பரம்பரைப் பதிவேடு வைத்து, ஏட்டில் பெயர் உள்ளவற்றை மட்டுமே தம்முள் இணை சேர்க்கும் வழக்கம் அக்காலத்தில் வலுப்பெற்றது. இன்றுள்ள அயல்நாட்டுச் சாதிகளிற் பெரும்பாலானவை அவ்வாறு கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் உருவாக்கப்பட்டவையே.

அடைத்த கதவின் தீங்கு

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு படிகளாக வருகிறது. ஒன்று பழுதாயினும் மற்றது பெரும்பாலும் காத்துவிடும். நெருங்கிய உறவினுள் இணை சேர்த்தாலோ, ஒரே மூதாதையின் பழுதான படி இருபுறமிருந்தும் வந்து கூடிவிடலாம். உறவுக்குள் மணம் பற்றி மருத்துவர்கள் நமக்குக் கூறும் எச்சரிக்கையும் இதுவே. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒரு பங்கு மரபணுக்களின் இரு படிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக அமையும். தாய்மாமனை மணந்தால் அது எட்டில் ஒரு பங்கு. தகப்பனையும் மகளையும் இணை சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு! நாம் வாங்கி வந்த 'கலப்பில்லாத' குட்டியின் கணக்கு இது.

வெண்மைக்கும் செவிக்கும் உள்ள தொடர்பு தனி. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் உண்டு. கேட்கும் உறுப்பு அவற்றைச் சார்ந்தே உயிர் வாழ்கிறது. வெண்மையை மட்டுமே நாடித் தெரிந்தெடுக்கும்போது அவ்வணுக்கள் செவியிலும் இல்லாமற் போகக்கூடும். அந்நிலையில், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் அணுக்கள் மடிந்துவிடும். வெண்ணிறத்தில் புள்ளிகளுடைய டால்மேஷியன் நாய்களிலும் பத்தில் மூன்றளவுக்கு ஒரு செவியோ இரு செவியுமோ கேளாதவை. இராஜபாளையம் நாய்கள் எல்லாம் செவிடு என்று எவரும் கொள்ளலாகாது. நல்ல செவியும் வலிமையும் உள்ளவை பல. குறை நாயினத்தினுடையதன்று, வெள்ளைத் தோலுக்கும் சிவந்த மூக்குக்கும் மட்டுமே விலை பேசும் நம்முடையது.

தொழிலால் அமைந்த வகைகள்

முன்னோர் நாயை நிறத்தால் மதித்திலர், தொழிலால் மதித்தனர். கரிசல் நிலத்தில் முயல் விரட்டச் சிப்பிப்பாறையும் கன்னியும், காவலுக்குக் கோம்பையும், இமயச் சரிவுகளில் ஆட்டு மந்தை காக்கக் கத்தி நாயும் அமைந்தன. நாம் வாழும் கருநாடகத்து முதோல் நாய் நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் கொண்ட வேட்டை நாய். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், கள்வரோடு போராடிய 'கோவிவன்' என்னும் நாய்க்கு 7ஆம் நூற்றாண்டு நடுகல் உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில், பன்றியோடு பொருது மடிந்த 'காளி' என்னும் நாய்க்கு 10ஆம் நூற்றாண்டுக் கல் உண்டு. இரு கற்களும் நாயின் பெயரையும் செயலையும் கூறுகின்றன.

கலப்பு எப்போதும் இழிவன்று என்பதற்குத் திபெத்திய மாஸ்டிப் நாய் சான்று. காற்று மெலிந்த உயர் மலையில் மூச்சுத் திணறாது வாழும் ஆற்றலுக்குரிய மரபணுவை, அது அம்மலை ஓநாய்களோடு கலந்தே பெற்றது என்று ஆராய்ச்சி காட்டியுள்ளது.

இந்நாட்டு நாய்களுக்கு அண்மையில் மதிப்பு உயர்ந்துள்ளது. 2005இல் இராஜபாளையம், முதோல், இராம்பூர், இமய மேய்ச்சல் நாய் ஆகிய நான்கிற்கும் அஞ்சல் தலைகள் வெளிவந்தன. 2016இல் முதோல் நாய்கள் இராணுவப் பயிற்சிக்கு மீரட் சென்றன. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றை முறைப்படி பதிவு செய்துள்ளது. இவை மகிழத்தக்கன. ஆயின் புகழ் ஏற ஏற விலை ஏறும். விலை ஏறினால், இருக்கும் சில நாய்களையே மீண்டும் மீண்டும் இணை சேர்க்கும் ஆசையும் ஏறும். அங்குதான் ஆபத்து.

அன்பர்களுக்கு

ஊர் சென்று நாட்டு நாய் வாங்கும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். தாயையும் தந்தையையும் நேரில் பாருங்கள். அவை நெருங்கிய உறவாயின் வாங்காதீர்கள். ஆறு வாரமேனும் நிரம்பிய குட்டி உறங்கும்போது, அதன் பின்னே நின்று சாவிக் கொத்தைக் குலுக்குங்கள்; தரை அதிர வேண்டாம், காற்றும் படவேண்டாம். ஒரு செவி மட்டும் கேளாமையை இச்சோதனை காட்டாது. அதற்கு மருத்துவரின் கருவி வேண்டும். மூக்குக் கருத்திருந்தால் விலை குறைவென்று எவரேனும் சொன்னால், அதனையே விரும்பிப் பெறுங்கள். வாசலில் வந்து கிடக்கும் நாயைப் பிள்ளைகள் விரும்பினாலோ, வெறிநாய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்து அதனையே வளர்க்கலாம்.

நாய் விற்ற காசு குரைக்காது என்பர். குரைக்காததனால்தான் விற்பவருக்குக் குறை தெரிவதில்லை போலும்! வாங்குகிற நாமாவது கேட்க வேண்டியதைக் கேட்போமாக.

வெள்ளையனை நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கையசைத்து அழைக்கப் பழகினர். அதுவும் அதை அறிந்து வருகிறது. தண்டவாளம் அருகிலிருப்பதால் கயிறின்றி வெளியே விடுவதில்லை. மாலையில் முற்றத்தில் கட்டியிருக்கையில், காலனிச் செம்பழுப்பு நாய் அதன் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். வாசலில் காலடி கேட்டு அது தலை நிமிர்த்தினால், அதைப் பார்த்து வெள்ளையனும் தலை நிமிர்த்தும். ஊர்ப் பெருமை கேட்டு வருவோருக்கு நாம் இப்போது இரண்டையும் காட்டுகிறோம்.