புதிய முகப்பும் பழைய பழக்கமும்



அடுக்களையில் நெடுங்காலமாக ஒரே தட்டில் இருந்துவந்த உப்புச் சாடியை யாரேனும் வேறு தட்டிற்கு மாற்றிவிட்டால், உப்பு வீட்டிலேயே இருந்தும் உப்பில்லாத கறி இறங்குவதுண்டு. கண் தேடுமுன் கை சென்றடையும் இடத்தையே நாம் பழக்கம் என்கிறோம். கணினியைக் கையாளுவோர்க்கும் இத்தகைய சங்கடம் நேர்கின்றது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் புதிய பதிப்பு வெளிவரும்போது, அதன் முகப்புத் திரையில் உண்டாகும் மாறுதல்களுக்கு நம்மை எவ்வாறு பழக்கிக்கொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இது நகரத்து இளைஞர்க்கு மாத்திரம் உரிய செய்தியன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய நம் கரையோர ஊர்களின் பாடசாலைகளுக்கும் உரியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 இற்கு வழமையாக அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. நல்ல நிலையில் உள்ள கணினிகளை ஒதுக்கிவிட்டுப் புதியன வாங்க எத்தனை பாடசாலைகளால் இயலும்? விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இத்தகைய கணினிகளுக்குப் புத்துயிர் அளிக்கவல்லது. ஆயினும், “ஒரு தடவை பழகினால் போதுமா? அடுத்த பதிப்பில் எல்லாம் இடம் மாறிவிடுமாமே!” என்று தயங்கும் ஆசிரியர்கள் உளர். அத்தயக்கம் நியாயமானதே. அதற்கு விடையும் உண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளை இயக்கிக் கோப்புகளைக் காத்து நிற்பது. முகப்பு என்பது நாம் காண்பதற்கும் தொடுவதற்கும் அதன்மீது போர்த்திய தோற்றம். மருதமுனைக் கைத்தறியிலே சாரனின் நிறம் மாறும், கரை மாறும். பாவில் ஊடை கோத்து நெய்யும் முறையோ மாறுவதில்லை. அதுபோலவே, முகப்பு மாறியபோதும் நாம் எழுதிவைத்த வினாத்தாளும் புள்ளிப் பட்டியலும் தத்தம் கோப்புறையிலேயே இருக்கின்றன.

லினக்ஸின் முகப்பு பெரிதும் மாறிய ஆண்டு 2011 ஆகும். உபுண்டு என்பது லினக்ஸ் வகைகளுள் மிகவும் அறியப்பட்ட ஒன்று. 2004 ஒக்டோபரில் முதற்பதிப்பு வெளிவந்த காலந்தொட்டு, ஆண்டையும் மாதத்தையுமே அது தன் பதிப்பெண்ணாகக் கொண்டுள்ளது. 2011 ஏப்ரலில் வந்த பதிப்பு 11.04 எனப்பட்டது. அதற்கு முன்னர் திரையின் மேல்விளிம்பில் மூன்று பட்டிகளும், கீழ்விளிம்பில் திறந்திருக்கும் சாளரங்களின் பெயர்களும் காணப்பட்டன. க்னோம் என்னும் பழைய முகப்பு அது. 11.04 இல் அதற்குப் பதிலாக, யூனிட்டி என்னும் புதிய முகப்பை முன்வைத்தனர். இடப்புறத்தே நெடுக்காக ஒரு சின்னவரிசை எழுந்தது. மென்பொருள்களின் பட்டிகள் திரையின் உச்சிக்கு ஏறின. அகலம் மிகுந்து உயரம் குறைந்த திரைகள் பெருகிய காலம் அது. உயரத்தைச் சேமிக்கவே சின்னங்களைப் பக்கவாட்டில் அடுக்கினர்.

அதே மாதத்தில் க்னோம் திட்டத்தாரும் தமது மூன்றாம் தலைமுறை முகப்பை வெளியிட்டனர். சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் அதில் வழமையான இடத்தில் இல்லை. பயனாளர் பலர் வெகுண்டனர். லினக்ஸின் கருவை 1991 இல் ஆக்கியளித்த லினஸ் டொர்வால்ட்ஸ் அவர்களே, அவ்வாண்டில் புதிய க்னோமைக் கண்டித்து எக்ஸ்.எவ்.சி.ஈ என்னும் எளிய முகப்பிற்கு மாறிக்கொண்டார். ஆகவே, புதிய முகப்பைக் கண்டு திகைக்கும் ஆசிரியர் தமது வயதையோ அறிவையோ நொந்துகொள்ள வேண்டியதில்லை.

புதியன யாவும் நிலைத்து நிற்பதுமில்லை. 2017 ஏப்ரலில் உபுண்டுவின் நிறுவுநர் மார்க் ஷட்டில்வேர்த், யூனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த 17.10 மீண்டும் க்னோமுக்குத் திரும்பியது. 2010 இல் இடப்புறம் போன சாளரப் பொத்தான்கள் வலப்புறத்திற்கு மீண்டன. ஆயினும் இடப்புறச் சின்னவரிசையை உபுண்டுவார் விட்டுவிடவில்லை. பயனாளர் கண் பழகிய அதனைப் புதிய முகப்பிலும் இருத்தினர்.

அண்மைக் காலத்து மாறுதல்களையும் பார்ப்போம். 2022 ஏப்ரலில் வந்த 22.04 ஐப் பயன்படுத்தும் ஆசிரியை ஒருவர், 2024 ஏப்ரலில் வந்த 24.04 க்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல் இடமூலையிலிருந்த “செயற்பாடுகள்” என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைக் காணோம். அங்கே ஒரு சிறு கோடும் புள்ளியும் மாத்திரம் நிற்கின்றன. வல மூலையிலே ஒலி, இணையம் முதலியன பட்டியலாக விரிந்த இடத்தில் இப்போது உருண்டை விளிம்புப் பொத்தான்கள் தோன்றுகின்றன. குறிப்பெழுதப் பயன்பட்ட சிறு மென்பொருளுக்குப் பதிலாக வேறொன்று வந்திருக்கின்றது. பார்வைக்குப் பெரிதாயினும் பணிக்கு இவை சிறியனவே.

இவற்றை மேற்கொள்ள முதல் வழி, இடத்தை மனனம் செய்யாது பணியை நினைவிற் கொள்வதாகும். “மூலையில் மூன்றாவது சொல்லை அழுத்துக” என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிய மாணவன், அச்சொல் மறைந்த அன்றே வழி தவறுகிறான். “மென்பொருளின் பெயரைத் தேடித் திறக்க” என்று கற்ற மாணவனுக்கு எந்த முகப்பும் அந்நியமன்று. விசைப்பலகையிலே விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை ஒருமுறை அழுத்தி, வேண்டும் மென்பொருளின் பெயரில் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்தால் அது கண்முன் வந்து நிற்கும். யூனிட்டியிலும் அவ்வாறே; இன்றைய க்னோமிலும் அவ்வாறே. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு மாற, அதே விசையுடன் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் இன்றைய க்னோமிற் போதுமானது. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று தமிழை ஒரு தடவை சேர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கைக்குரிய தமிழ்99 அமைப்பும் அங்கே உண்டு.

இரண்டாம் வழி, பதிப்பைத் தெரிந்தெடுப்பதிலே உள்ளது. உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகின்றது. இவற்றுள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது நெடுங்கால ஆதரவுப் பதிப்பு. ஐந்தாண்டு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குக் கிடைக்கும். அதுவரை முகப்பு பெரிதும் மாறாது. பாடசாலைக்கு ஏற்றது இதுவே. கேரள மாநிலம் இதற்கு நல்ல சான்று. அங்கு 2001 இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. அரசுப் பாடசாலைகளுக்கென அவர்கள் ஆக்கிய லினக்ஸ், 14.04, 18.04, 22.04 எனும் நெடுங்காலப் பதிப்புகளை அடியாகக் கொண்டது. இவற்றிடையே நான்கு நான்கு ஆண்டுகள் இருப்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. தரம் ஆறில் சேரும் பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை எழுதுமுன் ஓரிரு தடவைகளே புதிய முகப்பைச் சந்திக்க நேரும்.

மூன்றாம் வழி, விருப்பமான முகப்பை நாமே தெரிந்துகொள்வது. பழைய க்னோமைக் கைவிட மனமில்லாத அர்ஜென்டினா நாட்டுப் பயனாளர் ஒருவர், 2011 இல் அதன் மூலநிரலை எடுத்துத் தொடர்ந்து பேணத் தொடங்கினார். தென்னமெரிக்க மூலிகைப் பானம் ஒன்றின் பெயரால் அதனை ‘மாட்டே’ என்று அழைத்தார். அது இன்றும் வழக்கில் உள்ளது. விண்டோஸில் பழகியோர்க்கு லினக்ஸ் மின்ட் வகையினரின் ‘சின்னமன்’ முகப்பு கைக்கு இசைவாக இருக்கும். ஒரே கணினியில் இரண்டு முகப்புகளை நிறுவி, உள்நுழையும்போது வேண்டியதைத் தெரிந்துகொள்ளவும் கூடும். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதனாலேயே இது இயன்றது. உரிமையாளர் மூடிவைத்த மென்பொருளில், அவர் நீக்கிய முகப்பைப் பயனாளர் மீட்டெடுக்க வழியில்லை.

மாறும் நாளையும் சிந்தித்துக் குறிக்க வேண்டும். தவணைப் பரீட்சைக்கு முதல்நாள் புதிய பதிப்பை நிறுவுதல் தகாது. நோன்பு விடுமுறையோ தவணை விடுமுறையோ அதற்கு உகந்தது. அதற்குமுன், புதிய பதிப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். கணினியில் உள்ள எதுவும் அதனால் மாறாது. பிடித்திருந்தால், கோப்புகளை வேறிடத்திற் படியெடுத்து வைத்த பின்னரே நிறுவ வேண்டும். முதல் நாளன்று நாளாந்தம் செய்யும் ஐந்து பணிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் புதிய முகப்பில் ஒரு தடவை செய்து பார்த்தல் நன்று. கடிதம் எழுதுதல், சேமித்தல், அச்சிடுதல், தமிழுக்கு மாறுதல், கணினியை நிறுத்துதல் என்பன அத்தாளில் இருக்கலாம். இவ்வைந்தும் கைவந்தால் எஞ்சியவை தாமே வரும்.

நேயர்களே, முகப்பின் மாற்றம் யாரையேனும் பாதிக்குமாயின் அது முதலில் பாதிப்பது, வீட்டிலே கணினியில்லாத மாணவனையே. ஆசிரியர் திகைத்து நின்று கணினியைத் துணியால் மூடிவிட்டால், அவனுக்கு வேறு கணினி இல்லை. “இது எனக்கும் புதிது, வா, இருவரும் சேர்ந்து தேடுவோம்” என்று ஆசிரியர் அவனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டால், அவன் கற்பது ஒரு பதிப்பை மாத்திரமன்று, இனி வரும் பதிப்புகளையும் அஞ்சாது திறக்கும் துணிவையும் கற்கிறான்.