காணப்படாத பக்கம்: 404 என்னும் விடையின் பொருள்

மாணாக்கர் தாம் இயற்றிய முதல் ஜாவா வலைச் செயலியைச் சேவையகத்தில் நிறுவி, மேலோடியில் அதன் முகவரியைப் பொறித்தவுடன் பலகாலும் எதிர்கொள்வது 404 என்னும் எண்ணேயாகும். அதனைக் கண்டதும் நிரலே பிழையெனக் கருதி, செவ்விய வரிகளையும் அழித்து மீள எழுதப் புகுவோர் பலர். செயற்றிட்டத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கிய வேளையில் இவ்வாறு வீணாகும் பொழுது சிறிதன்று. தன்னம்பிக்கையும் உடன் குன்றும். ஆதலின் அவ்வெண் எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை என ஆராய்தல் நன்று.

1996ஆம் ஆண்டில் வெளியான எச்.ரி.ரி.பி. 1.0 விதிகளில் 404 என்பதற்குக் 'காணப்படவில்லை' எனப் பொருள் வகுக்கப்பட்டுள்ளது. விடை வந்தமையாலேயே சேவையகம் ஒன்று இயங்குகின்றது என்பது பெறப்படும். அஃது இயங்காவிடின் தொடர்பு மறுக்கப்படுமேயன்றி எண் எதுவும் வாராது. நிரல் கண்டறியப்பட்டு, ஓடுகையில் முறியுமாயின் வருவது 500. பாமன்கடையில் உள்ள மாடிக் கட்டடம் ஒன்றுக்குத் தபாற்காரர் வந்து சேர்ந்துவிட்டார்; கடிதத்திற் கண்ட இலக்கமுடைய வீடு மட்டும் அங்கில்லை என்கின்றார். 404 இதனை ஒப்பதாகும். வீதியைப் பழித்துப் பயனில்லை. இலக்கத்தையே ஆராய்தல் வேண்டும்.

எளிய செயலிகளுக்குப் பெரிதும் பயன்படும் சேவையகம் டொம்கற். சன் நிறுவனத்தில் தோன்றிய இது 1999இல் அப்பாச்சி அமைப்பிடம் கையளிக்கப்பட்டது. இதில் 404 தோன்றுதற்குரிய காரணங்களை வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக ஆராயலாம்.

முதலாவது, செயலி தொடங்கியதா என்பது. தொடக்கத்தில் இயங்கவேண்டிய ஒரு பகுதி தவறினும் செயலி முழுவதும் நின்றுவிடலாம். அப்போது அதன் எல்லா முகவரிகளுக்கும் 404 வரும். லொக்ஸ் என்னும் கோப்புறையிலுள்ள பதிவுகளைப் படித்தால் உண்மை விளங்கும்.

இரண்டாவது, செயலியின் பெயர். வெப்ஆப்ஸ் கோப்புறையில் இடப்படும் வார் கோப்பின் பெயரே முகவரியின் முதற்பகுதியாகின்றது. இலங்கைப் பொறியியலாளர் பலர் பெரும்பங்காற்றி உருவாக்கிய அப்பாச்சி அக்சிஸ்2 இதற்கு நல்ல சான்று. 2006இல் முதற் பெரும்பதிப்பு வெளிவந்த அம்மென்பொருளின் வார் கோப்பை அவ்வாறு இட்டால், 8080 என்னும் வாயிலின் பின்னர் அக்சிஸ்2 என எழுதியே அதனை அடையலாம். ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஈண்டு வேறுவேறாகக் கொள்ளப்படும். ரூட் எனப் பேரெழுத்தில் பெயரிட்ட கோப்பு மட்டுமே பெயர் வேண்டாது திறக்கும். பக்கத்தின் இணைப்புகளைச் சாய்கோட்டில் தொடங்கினால் அவை சேவையகத்தின் தலைவாயிலிலிருந்தே எண்ணப்படும். செயலியின் பெயர் விடுபட்டு மீண்டும் 404 தோன்றும்.

மூன்றாவது, கோப்புகளின் இடம். வெப்-இன்ஃப் என்னும் உட்கோப்புறை காவலுள்ள அறை போன்றது. அதனுள் இட்ட பக்கத்தை வெளியிலிருந்து நேரே கேட்போருக்கு 404 என்றே விடை வரும். தொகுக்கப்பட்ட வகுப்புகளோ அதனுள் அமைந்த கிளாசஸ் கோப்புறையிலேயே இருத்தல் வேண்டும்.

நான்காவது, வழிக்குறிப்பு. சேர்வ்லெற்றுக்கு உரிய முகவரி அதன் குறிப்புரையிலோ வெப்.எக்ஸ்.எம்.எல். கோப்பிலோ கூறப்படும். அங்கு எழுதியதும் மேலோடியில் பொறித்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். அக்குறிப்பின் முதலில் வரவேண்டிய சாய்கோடு விடுபட்டால் செயலியே தொடங்காது.

ஐந்தாவது, பலரையும் மயக்குவது. 2017இல் ஜாவா ஈ.ஈ. தொகுதியை எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைப்பதாக ஒராக்கிள் அறிவித்தது. 2020இல் வெளியான ஜகார்த்தா ஈ.ஈ. 9 முதல், ஜாவாஎக்ஸ் எனத் தொடங்கிய பொதிப்பெயர்கள் ஜகார்த்தா என மாறின. டொம்கற் 9 பழைய பெயரையும், டொம்கற் 10 புதிய பெயரையும் ஏற்கும். பழைய நூல்களைப் பார்த்து எழுதிய சேர்வ்லெற்றின் குறிப்புரையைப் புதிய சேவையகம் பொருட்படுத்தாது கடந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் பதிவில் இராது. 404 மட்டுமே எஞ்சும். பெயர்களையும் நூலகக் கோப்பையும் புதுப்பித்தல், அன்றேல் டொம்கற் 9ஐ நிறுவுதல் இதற்குரிய பரிகாரம்.

இவற்றைச் சோதிக்குங்கால் ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. மருத்துவன் ஐந்து மருந்துகளை ஒருங்கே கொடுத்தால், நோய் தீரினும் தீர்த்த மருந்து எதுவென அறியான். நிரலை மாற்றாமலே நீங்கும் 404 மிகப் பல. விடையின் பொருளை அறிந்து தேடுபவன் ஒரு பக்கத்தைக் காண்பதோடு, அடுத்த முறை பிறருக்கு வழிகாட்டும் தகுதியும் பெறுகின்றான்.