உயிர்ச்சுவடும் மலையின் அழுத்தமும்

மாத்தளைப் பகுதியில் சுண்ணாம்பு சுடுவதற்கென வெட்டப்படும் கல்லை உடைத்து நோக்கினால், பளிங்கு மணிகள் மின்னுமேயன்றி உயிரினம் எதனுடைய சுவடும் தென்படாது. கடலடியில் படிந்த சுண்ணாம்பாகப் பிறந்த அக்கல், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகிப் பளிங்காக உருமாறிற்று. திரைலோபைற்று என்னும் கடலுயிர் தோன்றியதோ அதற்குப் பின்னரே, ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன்னராகும். ஆதலின் மாத்தளைக் கல்லில் அதனைத் தேடுவது வீண்.

ஆயினும், இலங்கையின் கற்களை ஆராய்ந்த ஒருவருக்கும் இவ்வுயிருக்கும் தொடர்பு உண்டு. 1938ஆம் ஆண்டு முதல் 1944 வரை இங்கு அரசாங்கக் கனிப்பொருளியலாளராக விளங்கிய டி. என். வாடியா, அதற்கு முன்னர் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் துறையிற் பணியாற்றியபோது, காஷ்மீரத்தின் ஹந்துவாராப் பகுதியில் திரைலோபைற்றுகளைச் சேகரித்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் கூப்பர் ரீட் அவற்றை ஆராய்ந்து, 1934இல் பல இனங்களாக வகுத்துப் பெயரிட்டார்.

திரைலோபைற்றின் ஓடு தலை, நடுவுடல், வால் என மூன்று பகுதிகளையுடையது. நெடுக்கிலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். நண்டைப் போல அது வளருந்தோறும் ஓட்டைக் கழற்றிவிடும். அதனால் முழுவுடலைவிட உதிர்ந்த துண்டுகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. தலையின் நடுமேடு அகன்றதா குறுகியதா, கண் எங்கே அமைந்தது, வாலில் எத்தனை வளையங்கள் என்பனவற்றை அளந்தே இனம் பிரிக்கப்படும். பெயரிடுவோர் ஒரு கல்லை மூலமாதிரியாகக் குறித்துப் பாதுகாப்பில் வைத்தல் வேண்டும்.

இங்கேதான் இமயமலை ஒரு சிக்கலை விளைத்தது. ஈரத் துணியை ஒருபுறமாக இழுத்தால் அதில் அச்சிட்ட பூக்கள் யாவும் உருக்குலையும். இழுத்த திசையில் கிடந்த பூ நீளும். குறுக்கே கிடந்தது அகன்று தோன்றும். சாய்ந்து கிடந்தது கோணலாகும். மலை எழுந்தபோது நெரிபட்ட பாறைகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒரே இனத்தின் ஓடுகள் நீண்டவையாகவும் அகன்றவையாகவும் மாறி, வெவ்வேறு இனங்கள்போலக் காட்சியளித்தன.

நைஜல் ஹியூஸ், பீற்றர் ஜெல் என்னும் ஆய்வாளர் இருவர் காஷ்மீரத்துத் திரைலோபைற்றுகளை மீண்டும் அளந்து, 1992இல் இதனைத் தெளிவுபடுத்தினர். உயிருடன் இருந்தபோது இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருந்தமையால், ஓடு எவ்வளவு கோணியது என்பதைக் கணிக்க இயலும். அக்கோணலை நீக்கிப் பார்த்தபோது, தனித்தனி இனங்கள் எனப்பட்டவை பல ஒன்றாய் இணைந்தன. 1997இல் அவர்கள் இமயத்தின் கேம்பிரியன் காலத் திரைலோபைற்றுகள் அனைத்தையும் திருத்தி வகுத்து வெளியிட்டனர்.

இனங்களை மிகையாக எண்ணினால், பண்டைக் கடலின் வளம் பற்றிய கணக்கும், தொலைதூரப் பாறைகளின் வயதை ஒப்பிடும் முறையும் பிழைபடும். ரீட் கண்ட கற்கள் பேணப்படாது போயிருப்பின், அப்பிழையைத் திருத்த வழியிராது. நூதனசாலையின் இழுப்பறையில் பெயர்ச்சீட்டுடன் கிடக்கும் கல்லொன்று ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் சான்று கூற வல்லது என்பதற்கு இதுவே தக்க எடுத்துக்காட்டாகும்.