எலும்பு இடும் கட்டளை

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கே திராட்சைப் பந்தலிலும் வயலிலும் நாள் முழுதும் உழைத்த என் பழைய மாணவர் ஒருவருக்குச் சிறுநீரகம் நலிவுற்றது. பின்னர் எலும்புகளில் நோவும் கண்டது. "ஐயா, வெயில் பட்டால் வைட்டமின் டி உண்டாகும் என்று நீங்கள்தானே பாடம் சொன்னீர்கள்? எனக்கு ஏன் இந்த நிலை?" என்று கேட்டார். நான் அன்று சொன்னது பாதிப் பாடமே. மீதியை இன்று சொல்லுகிறேன்.

வெயில் நம் தோலில் உண்டாக்குவது மூலப்பொருளே. அது கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மறுமுறையும் மாறிய பிறகே முழு ஆற்றலுடைய ஹார்மோனாகிறது. அவ்விறுதி மாற்றம் சிறுநீரகத்தில் நிகழ்வதை 1970-ஆம் ஆண்டில் பிரேசர், கோடிசெக் என்னும் அறிஞர்கள் காட்டினர். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் குடல் ஏற்குமாறு செய்வது இந்த ஹார்மோன்.

இதன் உற்பத்திக்கு வரம்பு கட்டுவோருள் ஒருவர் யார் தெரியுமா? எலும்பேதான்! பெரியாற்று நீர் வயலை நிறைத்ததும் மடையை அடைக்கிறோம் அல்லவா? அவ்வாறே, உடலில் பாஸ்பேட் மிகுந்தால் எலும்பின் உயிரணுக்கள் எப்.ஜி.எப். 23 என்னும் வளர்ச்சிக் காரணியை இரத்தத்தில் விடுகின்றன. உயிரணுக்களை வளரத் தூண்டும் பொருள்களின் குடும்பத்தில் பிறந்ததால் அதற்கு அப்பெயர். அதன் தொழிலோ வேறு. 1997-இல் அறியப்பட்ட குளோத்தோ என்னும் புரதத்தின் துணைகொண்டு, அது சிறுநீரகத்துக்கு இரண்டு கட்டளைகளை இடுகிறது. ஒன்று, பாஸ்பேட்டைச் சிறுநீரில் கழித்துவிடு. மற்றொன்று, ஹார்மோன் உற்பத்தியைக் குறைத்துவிடு.

நலிந்த சிறுநீரகம் முதற்கட்டளையை நிறைவேற்றத் திணறுகிறது. எலும்போ மேலும் மேலும் கட்டளை அனுப்புகிறது. அதனாலும், சிறுநீரகத்தின் சொந்த நலிவாலும் ஹார்மோன் குன்றுகிறது. குடல் ஏற்கும் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் முனைந்து, எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கின்றன. உடலைக் காக்க எலும்பு விடுத்த ஓலை, இறுதியில் எலும்பையே அரிக்கிறது!

என் மாணவர் கடையில் தாமாகவே சுண்ணாம்பு மாத்திரை வாங்கி விழுங்கி வந்தார். அது தவறு. சிறுநீரகம் நலிந்தவர்க்கு மிகுதியான சுண்ணாம்பு இரத்தக் குழாய்களில் படியவும் கூடும். இரத்தத்தில் பாஸ்பேட், சுண்ணாம்பு ஆகியவற்றின் அளவை அறிந்த பின்னரே மருத்துவர் மருந்தையும் உணவையும் வகுப்பார். பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்திய உணவுகளையும் கோலா பானங்களையும் விலக்குதல் நன்று. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர்கள், நோவு தோன்றும்வரை காத்திராமல், சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வயலுக்கு எவ்வளவு நீர் வேண்டுமென அறியாமல் மடையைத் திறப்பார் உண்டோ?