ஒளிப்படக் கலையின் கழிவுகள்

படச்சுருளை விடுத்து இலக்கமுறைக் கமராவைக் கைக்கொண்டமையால் ஒளிப்படக்கலை தூய்மை பெற்றதென்பது பலர் கொண்ட எண்ணம். அஃது எத்துணைப் பொருத்தமுடையது என ஆராய்தற்கு, பழைய முறையின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

படச்சுருளாவது, செலுலோசு மூவசற்றேற்றுத் தகட்டின்மேல் வெள்ளிச் சேர்வைகள் செறிந்த ஜெலற்றின் பூசப்பெற்றது. ஜெலற்றின் கால்நடைகளின் எலும்பினின்றும் தோலினின்றும் பெறப்படுவது. (புலால் மறுத்த பெரியோர் பலர் தம் மணக்கோலத்தை எலும்புக் கூழின் துணைகொண்டே பதிவு செய்தனர் என்பதை அறிந்திரார்.) ஒளிபட்ட வெள்ளிப் புரோமைட்டு, உருத்துலக்கும் கரைசலில் உலோக வெள்ளியாய்க் கறுக்கும். ஒளிபடாது எஞ்சியதை நீக்குவது, 'ஹைப்போ' என வழங்கும் சோடியந் தயோசல்பேற்று. நீங்கிய வெள்ளி அக்கரைசலிலேயே தங்கிவிடும். வெள்ளிக்கு விலையுண்டாதலின் பெரிய கூடங்கள் அதனை மின்பகுப்பால் மீட்டன. சிறிய இருட்டறைகளிலோ பெரும்பாலும் அது வடிகாலிற் சென்றது. வெள்ளி அயன் மீனுக்கும் நீர்வாழ் சிற்றுயிர்க்கும் கொடிய நஞ்சு. தயோசல்பேற்றோடு பிணைந்திருக்கும்வரை அக்கொடுமை பெரிதுங் குறைவென்பதையும் நடுநிலை பிறழாது கூறல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில், ஜெனசீ ஆற்றங்கரை நகராகிய றொச்செஸ்ரரில் இருந்தது ஜோர்ஜ் ஈஸ்ற்மன் நிறுவிய கொடாக் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை. படத் தகட்டை வார்த்தற்குக் கரைப்பானாகிய இருகுளோரோமெதேன் அங்கு பெருமளவிற் காற்றிற் கலந்தது. நிலத்தடி நீரிலும் காணப்பட்டது. அந்நிறுவனப் பொறியியலாளர் ஸ்ரீவன் சசனே 1975இல் இலக்கமுறைக் கமராவை முதன்முதல் அமைத்தார். ஏறத்தாழ 3.6 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி, ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 செக்கன் எடுத்தது. 2012 சனவரியில் அந்நிறுவனம் கடனிறுக்கவியலாது நீதிமன்றின் பாதுகாப்பை நாடிற்று.

வடிகால் தூய்மையுற்றது மெய்யே. கழிவு ஒழிந்ததோவெனின், அன்று, இடம்பெயர்ந்தது. மின்கலத்துக்குரிய கோபாற்றிற் பெரும்பகுதி கொங்கோ சனநாயகக் குடியரசின் சுரங்கங்களினின்று வருவது. ஆங்குச் சிறுவரும் மண் அகழ்கின்றனர். சிலிக்கன் நுண்சுற்றுக்களை ஆக்குதற்கு மிகுந்த மின்னும் தூய நீரும் வேண்டும். 2022இல் உலகிற் சேர்ந்த மின், இலத்திரனியற் கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன். முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 வீதமே. கமரா அதில் ஒரு சிறு கூறெனினும், கமராவாகவே இன்று பயன்படும் கைத்தொலைபேசிகளையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

சுருள் 36 படத்தோடு முடிந்துவிடும்; ஆதலின் எண்ணி எடுத்தோம். இன்று ஒரு பரிசளிப்பு விழாவுக்கு ஆயிரம் படம். ஒருமுறையேனும் மீளப் பார்க்கப்படுவன சிலவே. எஞ்சியவை தரவு மையங்களிற் கிடக்கின்றன. முகநூல் நிறுவனம், எவரும் நாடாத பழம்படங்களுக்கென்றே ஒறிகன் மாநிலத்துப் பிறைன்வில்லில் 2013இல் தனிக் களஞ்சியம் அமைத்தது. வேண்டாதபோது தட்டுக்களை நிறுத்திவைத்து மின்னைச் சேமிப்பது அதன் உத்தி.

எனினும் படங்களை அழிப்பதாற் பெறும் நன்மை சிறிது. கருவியொன்றின் தீங்கிற் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்னரே ஆக்கச்சாலையில் விளைந்துவிடுகின்றது. மூன்றாண்டிற் கழிக்கும் கமராவை ஆறாண்டு வைத்திருப்பின் ஆண்டொன்றுக்குரிய அப்பங்கு பாதியாகும். வில்லைகளோ இன்னும் நெடிது வாழ்வன: 1960களில் ஆக்கப்பெற்ற வில்லைகள் பல, சிறியதோர் இணைப்பு வளையத்தின் துணையோடு இன்றைய கமராக்களிலும் பொருந்துகின்றன.